வேடர் கூலிப்படையும் மூன்று நகரங்களும்: என் கதை உலகம் எங்கே பிழைக்கிறது?

மடுக்கரை:

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஒரு ஃபேன்டசி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோராம் அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டது, ஆறு மாதமாக ஒரு வரியும் நகரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கதை நடக்கும் இடத்தைச் சொல்கிறேன். ஓர் ஆறு. அதன் மேற்பக்கத்தில் பெரிய குளம் கட்டி வைத்திருக்கும் நகரம் மேல்மடை. கீழே கீழ்மடை, மேலே துருசு திறந்தால்தான் அங்கே வயல் நனையும். ஆறு கடலில் விழும் இடத்தில் உப்புத்துறை, அங்கே வயல் கிடையாது, உப்பளமும் வள்ளங்களும்தான். மூன்றும் தனித்தனி அரசு, ஒன்றுக்கு மற்றதில் நம்பிக்கை இல்லை. நடுவில் நாலைந்து நாள் நடைக்குக் காடு. அந்தக் காட்டில் தடத்தார் என்று ஒரு சனம். ஓரிடத்தில் தங்கமாட்டார்கள், விதைக்கமாட்டார்கள், வேட்டையும் தேனும் கிழங்கும்தான் சீவியம். சண்டை என்று வந்தால் மூன்று நகரமும் இவர்களைத்தான் கூலிக்குக் கூப்பிடும்.

நான் எழுதி வைத்திருப்பது இப்படி: பத்தாயிரம் வில்லாளிகள், அவர்களுக்கு ஒரு பெருந்தலைவன், கூலி தங்கம், அம்பில் நஞ்சு, பட்டவுடன் ஆள் விழுந்துவிடுவான். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. தங்கச்சி வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அக்கா, இவர்கள் இந்தத் தங்கத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய் என்ன செய்வார்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. அதோடு மற்றதெல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. இவ்வளவு பலம் உள்ளவர்கள் ஏன் நகரத்தையே பிடிக்கவில்லை? நகரங்கள்தான் ஏன் இவர்களை அடக்கிக் குடியேற்றவில்லை?

இந்தச் சனம் எனக்குள் வந்தது என் அம்மப்பாவால். கோடையில் தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர் அவர். காடு தொடங்கும் இடத்தில் ஐயனாருக்கு ஒரு குழை முறித்து வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். எந்த மடுவில் ஆவணியிலும் தண்ணீர் நிற்கும் என்பதை மாமா ஒருவருக்குத்தான் காட்டினார், ஊரில் வேறு யாருக்கும் வாய் திறக்கவில்லை. அவரைப் போன்றவர்களை எழுதத்தான் தொடங்கினேன். இப்போது வாசித்துப் பார்த்தால் அவரைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்?

—

பாலைப்பழம்:

அக்கா, முதலில் அந்தப் பத்தாயிரத்தைக் குறையுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முல்லைத்தீவு மாவட்டம் 2,617 சதுர கிலோமீட்டர், மன்னார் 1,996, வவுனியா 1,967, கிளிநொச்சி 1,279. கூட்டினால் 7,859. உங்கள் நாலைந்து நாள் நடைக் காடும் ஏறக்குறைய இவ்வளவுதான் வரும். இது முழுவதையும் ஒரு வீடும் ஒரு வயலும் இல்லாத காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். விதைக்காத சனத்துக்கு எங்களுடையதைப் போன்ற வறண்ட காட்டில் பத்துச் சதுர கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு பேர் என்று நான் வைக்கிறேன், அதற்கு மேல் வைக்கப் பயமாக இருக்கிறது. அப்படியென்றால் குழந்தை, கிழவர் எல்லாரும் சேர்த்து 800 முதல் 1,600 பேர். நாலில் ஒருவர் வில்லோடு சண்டைக்கு வரக்கூடியவர் என்றால் 200 முதல் 400 பேர். அவர்களும் ஓரிடத்தில் இல்லை, இருபத்தைந்து முப்பது பேர் கொண்ட சின்னச் சின்னக் கூட்டமாகக் காடு முழுக்கப் பரந்திருப்பார்கள். நானூறு பேரை ஒரு மடுவின் கரையில் ஒரு கிழமை கூட்டி வைத்தால் அந்தச் சுற்றில் மானும் இருக்காது, மரையும் இருக்காது, பன்றியும் மணம் பிடித்து ஓடிவிடும். ஆகவே அவர்களால் சேனையாகத் திரளவே முடியாது, நகரம் சோறு போட்டால் மட்டும்தான் முடியும். ஏன் நகரத்தைப் பிடிக்கவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

நஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னாபிரிக்கப் பக்கத்துச் சான் வேட்டைக்காரர் ஒரு வகை வண்டின் புழுவில் இருந்து எடுக்கும் நஞ்சை அம்பில் பூசுகிறார்கள். பட்ட விலங்கு அந்த இடத்தில் விழாது. பெரிய விலங்கென்றால் ஒரு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும், அதுவரைக்கும் காலடி பார்த்துப் பின்னால் போக வேண்டும். அவர்களின் திறமையில் பாதி அந்தப் பின்தொடர்தலில்தான். உங்கள் தடத்தார் அப்படி ஒரு நஞ்சு வைத்திருந்தால், காயம்பட்ட சிப்பாய் தன் பாசறைக்கு நடந்தே போய்ச் சேர்வான், சாப்பிடுவான், பக்கத்தில் இருப்பவனோடு கதைப்பான், விடியும்போதுதான் சாவான். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். பட்டவுடன் விழுவதைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன்.

காலத்தையும் கவனியுங்கள். கமக்காரன் சண்டைக்கு வரக்கூடியது எப்போது? ஐப்பசியில் காலபோக விதைப்பு, மாசி பங்குனியில் அறுவடை, சிறுபோகம் செய்யத் தண்ணீர் இல்லாத இடங்களில் அதற்குப் பிறகு ஆளுக்கு வேலை இல்லை. ஆனி ஆடிதான் நகரங்கள் அடிபடும் காலம். ஆனால் பாலைப்பழம் பழுப்பதும் தேன் நிறைவதும் அதே மாதங்கள். தண்ணீர் வற்றி விலங்கெல்லாம் நாலைந்து மடுவுக்கு வந்து சேர்வதும் அப்போதுதான். நகரத்துக்கு ஆள் தேவைப்படும் நேரத்தில் தடத்தாருக்குக் காட்டில் எல்லாம் இருக்கிறது, யாரும் போய்ச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அவர்களுக்குப் பஞ்சம் வருவது மாரியில், காடெங்கும் தண்ணீர் நிற்பதால் விலங்கு சிதறிப் போகும்போது. அப்போது நெல் கேட்டு வருவார்கள். ஆனால் தை வருவதற்குள் நகரத்திலும் நெற்பட்டறையின் அடி தெரியத் தொடங்கிவிடும். இந்த இடைவெளிக்குள்தான் உங்கள் ஒப்பந்தம் நடக்க வேண்டும்: மாரியில் தன் வாயைக் கட்டி நெல் கொடுத்த நகரம், கோடையில் கூப்பிடலாம். வருவார்களா என்பது வேறு கதை.

—

மடுக்கரை:

தம்பி, நடந்தே பாசறைக்குப் போகும் அந்தச் சிப்பாயை நான் எடுத்துக்கொள்கிறேன். மாரியில் நெல், கோடையில் ஆள் என்பதையும். எண்ணிக்கைதான் மனதை உடைக்கிறது, 300 பேரை வைத்து எப்படி மூன்று அரசுகள் ஆடுகின்றன என்று காட்டுவேன்?

—

அருவியாறு:

பிள்ளை, 300 பேர் போதும். பழைய சேதி ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

றொபேர்ட் நொக்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1660இல் கொட்டியாரப் பக்கம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக்குள் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு, 1679இல் எங்கள் அருவியாற்றின் ஓரமாகவே காட்டுக்குள்ளால் நடந்து மன்னார்க் கரையோரத்து அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்தவர். 1681இல் புத்தகம் போட்டார். அதில் வேடரைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது, அதில் மூன்று விடயங்கள் உங்கள் கதைக்கென்றே எழுதியது போல் இருக்கும்.

இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் ஒல்லாந்தர்மீது அவசரமாகப் படை போக வேண்டி வந்தபோது அந்தப் பகுதி அதிகாரி வேடரை அழைத்திருக்கிறார். அவர்களும் வில் அம்போடு போய் மற்றவர்களுக்குக் குறையாமல் சண்டை செய்தார்கள். திரும்பி வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பு இருந்த இடத்தை விட்டுக் காட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விட்டார்கள், பிறகு கண்ணிலேயே படவில்லை. மறுபடியும் படைக்குப் பிடிப்பார்களே என்ற பயம். நான் இதை முதல்முதல் வாசித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கனநேரம் இருந்தேன். நன்றாகச் சண்டை பிடித்ததாலேயே தங்கள் இடத்தை இழந்தவர்கள். உங்கள் நகரங்களுக்கு இவர்களைக் கூலிக்கு எடுப்பது பெரிய பாடு இல்லை, இரண்டாம் தரம் கண்டுபிடிப்பதுதான் பாடு.

அடுத்தது, தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில். அம்பு வேண்டுமென்றால் வேடர் இரவில் இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கொல்லனின் பட்டறையில் தொங்கவிடுவார்களாம். பக்கத்தில் ஓர் இலை, தங்களுக்கு எப்படிப்பட்ட அம்புமுனை வேண்டுமோ அந்த வடிவில் வெட்டியது. கொல்லன் அதன்படி செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஒரு நாள் இருட்டில் இருந்து அம்பு வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே நடக்கிற வியாபாரம். ஆகவே தங்கத்தை விடுங்கள், அவர்களுக்கு வேண்டியது இரும்பு. பிறகு உப்பு, புடைவை. உங்கள் உலகத்தில் உப்பு ஒரு நகரத்தின் கையில் இருக்கிறது, இரும்பை யார் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவேயில்லை. மேல்மடையில் வையுங்கள், கீழ்மடைக்காரனிடம் நெல் மட்டும் இருக்கட்டும், கதை தானாகவே இழுபடும்.

மூன்றாவது சின்னதுதான், ஆனால் எனக்குப் பிடித்தது: இறைச்சியைத் துண்டாக்கி மரப்பொந்துக்குள் தேனோடு போட்டு வாயைக் களிமண்ணால் அடைத்து வைப்பார்கள், பஞ்சத்துக்கு எடுப்பார்கள். நகரத்துக் களஞ்சியம் ஓரிடத்தில், எல்லார் கண்ணிலும். இவர்களுடையது காடெங்கும், அவர்களுக்கு மட்டுமே தெரிந்த மரங்களில். களஞ்சியத்தை எரித்து ஒரு நகரத்தைப் பணியவைக்கலாம், இவர்களிடம் எரிப்பதற்கு எதுவும் இல்லை.

ஏன் அடக்கிக் குடியேற்றவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வன்னி நிலத்துக்கு அடங்காப்பற்று என்று பெயர் வந்ததை யோசியுங்கள். வன்னியர் வேடர் இல்லை, குளம் கட்டி வயல் செய்த சிற்றரசர்தான். அவர்களையே யாழ்ப்பாணத்து அரசர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்று ஒருவர் பின் ஒருவராக யானை திறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அந்த யானைக் கணக்கில் எப்போதும் பாக்கி. வந்து பிடிப்பதென்றால் காடு, காய்ச்சல், தண்ணீர் இல்லாத நடை. குளமும் வயலும் உள்ளவனையே இப்படியென்றால், ஒன்றும் இல்லாதவனை எங்கே போய்ப் பிடிப்பது?

—

கல்வெட்டு:

அண்ணை சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், ஆனால் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. கூலிப்படை என்றால் நகரத்துக்கு எப்போதும் உள்ளே ஒரு பயம் இருக்கும், அந்தப் பயம் இந்தக் கதையில் இன்னும் வரவில்லை.

இரண்டு சம்பவம். ஒன்று வட ஆபிரிக்காவில் இருந்த பழைய நகர அரசான கார்த்தேஜ். கிறிஸ்துவுக்கு முன் 241இல் உரோமரோடு நடந்த முதல் பெரும்போர் முடிந்ததும் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் இழுத்தடித்தார்கள். அந்தப் படையே திரும்பியது, 237 வரைக்கும் இழுத்து நகரத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. அதே கார்த்தேஜிடம் பலியாரித் தீவுகளின் கவண்காரர் இருந்தார்கள். தங்கமும் வெள்ளியும் அவர்கள் தீவுக்குள்ளேயே வரக்கூடாது என்று வைத்திருந்தவர்கள், கூலி முழுவதையும் பெண்களுக்கும் மதுவுக்குமே செலவழித்துவிட்டு, காசு எதுவும் கொண்டுபோகாமல் வீட்டுக்குப் போவார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் தியோதோரஸ் எழுதியிருக்கிறார். தங்கம் வாங்காத கூலிக்காரர் என்பது உங்கள் தங்கச்சி நினைக்கிற அளவுக்குப் புதுமை இல்லை.

மற்றது எங்கள் தீவில் நடந்தது. பொலன்னறுவையில் முதலாம் விஜயபாகு அரசனிடம் வேளைக்காரர் என்ற கூலிப்படை இருந்தது, பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர். சோழர்மீது படையெடுக்கச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள், தளபதிகளைக் கொன்றார்கள், அரண்மனையை எரித்தார்கள், அரசனே நகரத்தை விட்டு ஓட வேண்டி வந்தது. பிறகு திரும்பி வந்து கொடூரமாக அடக்கினான். ஆனால் அவன் இறந்த பிறகு அதே வேளைக்காரர்தான் புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று பொறுப்பேற்று, அதைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் இன்றும் பொலன்னறுவையில் நிற்கிறது.

காசுக்கு நிற்கிறவன் யாருக்கு எதிராகவும் நிற்பான் என்று நினைப்பது பிழை. தன் சனத்துக்கு எதிராக என்று வந்தால் கை வராது. உங்கள் தடத்தாரில் ஒரு கூட்டம் மேல்மடைக்கு, இன்னொரு கூட்டம் கீழ்மடைக்குக் கூலிக்குப் போகிறது என்று வைப்போம். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர், எல்லாரும் பெண் கொடுத்து எடுத்தவர்கள். எதிரில் மச்சான் நிற்கிறான். இரண்டு கூட்டமும் இரவில் சந்தித்துப் பேசாமல் இருக்குமா? எனக்கென்றால் அந்த இரவுதான் நாவலின் நடுப்பகுதி. ஒருவரும் சாகாத ஒரு சண்டையை இரண்டு அரசருக்கும் நடித்துக் காட்டி, இருவரிடமும் இரும்பு வாங்கிக்கொண்டு போகலாம். அது எத்தனை தரம் செல்லும், எந்தத் தரம் பிடிபடும், பிடிபட்டால் யார் விலை கொடுப்பார்கள் என்று யோசியுங்கள்.

பெருந்தலைவனையும் எடுத்துவிடுங்கள். ஒருவன் சொல்லுக்கு எல்லாக் கூட்டமும் கட்டுப்படும் என்றால் நகரம் அந்த ஒருவனைப் பிடித்து வைத்தால் போதும். தலைவன் இல்லாததுதான் அவர்களின் கோட்டை.

—

தூறல்:

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. ஆனால் இதை வாசித்த பிறகு ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாலைப்பழம் சான் மக்களைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்கு எங்கள் காலத்திலேயே இது நடந்தது. 1974இல் தென்னாபிரிக்க இராணுவம் இப்போதைய நமீபியாவில் இருக்கும் கப்ரீவிப் பகுதியில் சான் ஆண்களை வைத்து ஒரு படைப்பிரிவு அமைத்தது, 31ஆம் பட்டாலியன். காலடி பார்ப்பதில் அவர்களுக்கு இருந்த திறமைக்காக. சம்பளம் கொடுத்தார்கள், குடும்பங்களை முகாமுக்குக் கொண்டுவந்தார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள், கடையில் வாங்கிச் சாப்பிடப் பழகினார்கள். 1990இல் நமீபியா சுதந்திரமடைந்தது. யாருக்கு எதிராகத் தடம் பார்த்தார்களோ அவர்கள் இப்போது அரசாங்கம். பயந்துபோய் ஆயிரக்கணக்கானோர் தென்னாபிரிக்காவுக்குள் கிம்பர்லிக்குப் பக்கத்தில் ஷ்மிட்ஸ்ட்ரிஃப்ட் என்ற இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இராணுவக் கூடாரங்கள். சில மாதத்துக்கு என்று போனவர்கள் பல வருடம் அந்தக் கூடாரங்களிலேயே இருந்தார்கள்.

எட்டு வயதில் நான் தறப்பாளுக்குக் கீழே படித்தவள். மழைக்கு அதில் என்ன சத்தம் கேட்கும் என்று இந்த இழையில் இருக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் கேட்கிறேன்: உங்கள் கதையில் சண்டை முடிந்த பிறகு தடத்தார் எங்கே போவார்கள்? நொக்ஸ் சொன்ன வேடருக்கு இன்னும் ஆழமான காடு இருந்தது. நாலைந்து நாள் நடைக் காட்டில் இவர்களுக்கு அப்படி ஓர் ஆழம் இருக்கிறதா? மாரிக்கு நெல் வாங்கிப் பழகிய பிள்ளைகள் கிழங்கு தோண்டத் தெரியாமல் வளர்ந்தால்? அந்தக் கூலியில் மிக விலை கூடியது அதுவாக இருக்கலாம். ஒரு கிழவியை வையுங்கள், அவளுக்கு மட்டும் எந்தக் கொடிக்குக் கீழே கிழங்கு என்று தெரியும், பேரப்பிள்ளைகள் நகரத்து மூட்டைக்காக மரநிழலில் காத்திருக்கிறார்கள்.

—

மடுக்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தூறல், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதினோராம் அத்தியாயத்தில் நான் நின்றது அந்தக் கேள்வியில்தான் என்று இப்போது தெரிகிறது. அவர்களுக்கு வென்ற பிறகு போக ஓர் இடத்தை நான் எழுதவேயில்லை. அந்தக் கிழவிக்கு அம்மப்பாவின் மடுவைக் கொடுக்கப் போகிறேன். கோடையில் எல்லாம் வற்றினாலும் ஓரிடத்தில் பூவல் தோண்டினால் தண்ணீர் ஊறும், அது அவளுக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரியும், அந்த இன்னொருவன் கீழ்மடைக்குக் கூலிக்குப் போனவன்.

நேற்று இரவு முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். கொல்லன் விடியப் பட்டறையைத் திறக்கிறான், தொடை இறைச்சி தொங்குகிறது, பக்கத்தில் இலை. வழக்கமான வடிவம் இல்லை, மானுக்கோ பன்றிக்கோ உரியது இல்லை, அவன் இதுவரை செய்யாத ஓர் ஒடுங்கிய முனை. யாருக்காக என்று அவனுக்குப் புரிகிறது. செய்வதா விடுவதா என்று நெருப்பை மூட்டாமல் இருக்கிறான். அதோடு அத்தியாயம் முடியும்.

இனி ஒரு சின்னச் சந்தேகம்தான். எந்த இலையை வைக்க? விடியும்வரை சுருளாமல் வெட்டிய வடிவிலேயே நிற்க வேண்டும். பாலை இலை சின்னது. தேக்கு பெரியது, ஆனால் அது எங்கள் பக்கத்தில் நட்ட மரம், காட்டு மரம் இல்லை. பனையோலை நிற்கும், ஆனால் நடுக்காட்டில் பனை ஏது?

—

பாலைப்பழம்:

ஆலிலை என்று நினைக்கிறேன் அக்கா. தடிப்பு, தோல் மாதிரி. வீட்டுக்குப் பின்னால் குளக்கட்டில் ஒரு மரம் நிற்கிறது. இன்றிரவு ஆலிலை ஒன்றும் வீரை இலை ஒன்றும் வெட்டிக் கொட்டிலில் தொங்கவிடுகிறேன்.

—

பாலைப்பழம்:

விடிய நாலரைக்குப் பார்த்தேன். வீரை இலையும் சுருளவில்லை, ஆனால் சின்னது, அதில் வெட்டினால் முனையா காம்பா என்று தெரியவில்லை. ஆலிலை அப்படியே இருக்கிறது. வெட்டின ஓரத்தில் பால் கசிந்து காய்ந்து போயிருக்கிறது, விளிம்பு முழுக்க ஒரு வெள்ளைக் கோடு மாதிரி, இருட்டிலும் வடிவம் தெரிகிறது. கொல்லன் விளக்குக் கொளுத்தாமலே கண்டிருப்பான்.